சேஃப்டியை எடைபோடுவது எப்படி? டிராஃப்ட்டுக்கு முன் எழும் கேள்விகளும் பதில்களும்

ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான என்எஃப்எல்லின் 32 அணிகள் கல்லூரிகளிலிருந்து இளைஞர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இந்த டிராஃப்ட் நெருங்கும்போது எல்லார் பேச்சும், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைச் சுற்றியே இருக்கும். என் மனம் போவது சேஃப்டிகளின் பக்கம். எடைபோட மிகவும் கடினமானவர்களும், அடிக்கடி தவறாக எடைபோடப்படுகிறவர்களும் அவர்கள்தான். பல ஆண்டுகளாக ஆட்டப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதி இது. நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஒருவர் அடிக்கடி தலைகாட்டுவார்: 2022-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கைல் ஹாமில்டன். சேஃப்டியைப் பார்க்கும் கண் எப்படி இருக்க வேண்டும், அந்தக் கண் எங்கே தடுமாறும் என்ற இரண்டையும் அவர் கதை ஒன்றே காட்டிவிடும்.

சேஃப்டி என்பவர் யார்? அவருக்கு என்ன வேலை?

தடுப்பு அணியின் பதினொரு பேரில் கடைசி வரிசையில் நிற்பவர். வழக்கமாக இருவர் இருப்பார்கள். ஆழத்தில் நின்று எதிரணி வீசும் பந்தைத் தடுப்பவரை ஃப்ரீ சேஃப்டி என்றும், முன்னால் நெருங்கி வந்து பந்தோடு ஓடுபவரைத் தடுப்பவரை ஸ்ட்ராங் சேஃப்டி என்றும் சொல்லி வந்தார்கள். இன்று அந்தப் பிரிவினை மங்கிவிட்டது. ஒரே ஆள் ஒரு முறை 15 யார்டு பின்னால் நிற்பார். அடுத்த முறை, முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு நடுவே நிற்பார். அதற்கடுத்த முறை குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்.

வீச்சைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை ஓரங்களில் மறிக்கும் கார்னர்பேக் தவறினால் சேஃப்டி காப்பாற்றலாம். சேஃப்டி தவறினால் அவருக்குப் பின்னால் கோல் கோடு மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த இடத்துக்கு வேகத்தையும் உடல் வலுவையும் கேட்பதற்கு முன்பு நிதானத்தைக் கேட்க வேண்டும் என்பேன்.

டிராஃப்ட்டுக்கு ஒருவர் எப்போது தகுதி பெறுகிறார்?

உயர்நிலைப் பள்ளி முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஹாமில்டன் மூன்றே பருவங்கள் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர். டிராஃப்ட் ஏழு சுற்றுகளாக நடக்கும். மொத்தம் 250-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் எடுக்கப்படுவார்கள். எடுக்கப்படும் வரிசை எண்ணே முதல் ஒப்பந்தத்தின் தொகையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பத்து இடம் கீழே இறங்குவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய பண இழப்பு.

தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்தே ஒரு சேஃப்டியை மதிப்பிட முடியாதா?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால், இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சிக் கேமரா பந்தைப் பின்தொடர்கிறது. ஆட்டம் தொடங்கும்போது திரையில் தெரிவது இரு அணிகளின் முன்வரிசையும் குவார்ட்டர்பேக்கும்தான். ஆழத்தில் நிற்கும் சேஃப்டி பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார். பந்து காற்றில் பறந்து வந்து இறங்கும் இடத்தில்தான் நாம் அவரை முதன்முதலில் பார்க்கிறோம். அந்த மூன்று வினாடிகளில் அவர் எங்கே நின்றார், யாரைப் பார்த்தார், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் ஸ்கவுட்டுகள், அதாவது அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடும் பணியாளர்கள், 'ஆல் 22' எனப்படும் படத்தைப் பார்க்கிறார்கள். அரங்கின் உயரத்திலிருந்து எடுக்கப்படும் அந்தப் படத்தில் இருபத்திரண்டு பேரும் எப்போதும் தெரிவார்கள். அதில் ஒரு சேஃப்டியைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். முப்பது ஆட்டத் துண்டுகளில் இருபதில் பந்து அவர் பக்கமே வராது. பந்து ஏன் வரவில்லை என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சேஃப்டியைப் பார்க்கவே தொடங்குகிறோம். குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பினார், கையை உயர்த்தினார், அங்கே இவர் ஏற்கெனவே வந்து நிற்பதைக் கண்டு கையை இறக்கினார். இந்த நிகழ்வு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அணிக்கு அது ஆறு புள்ளிகளை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அந்தப் படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாதங்களை. அதற்கும் முன்பு, ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து வினாடிகளை.

நடுவில் குனிந்திருப்பவர் பந்தைப் பின்னால் தரும் கணத்தை ஸ்னாப் என்பார்கள். அதற்கு முன்பே நல்ல சேஃப்டி பேசிக்கொண்டிருப்பார். கையால் சைகை காட்டுவார்; ஒரு லைன்பேக்கரை இரண்டடி நகர்த்துவார்; எதிரணியின் ரிசீவர் இடம் மாறினால் உடனே கார்னர்பேக்கிடம் ஏதோ சொல்வார். படத்தில் குரல் கேட்காது. ஆனால் மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்பது தெரியும். பார்த்தால், அந்தத் தடுப்பின் கணக்கு அவர் தலையில் இருக்கிறது என்று பொருள்.

ஸ்னாப் ஆனதும் முதல் இரண்டு எட்டுகள். எதிரணி முன்வரிசை ஆட்கள் முன்னால் இடித்து நகர்ந்தால் அது ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் அது வீச்சு. இதை அவர் எவ்வளவு விரைவில் படிக்கிறார்? போலி ஓட்டம் காட்டிவிட்டு வீசும் தந்திரத்தில் எத்தனை முறை ஏமாந்து முன்னால் ஓடிவிடுகிறார்? ஒரு முறை ஏமாறாத சேஃப்டி உலகில் இல்லை. மூன்றாவது முறையும் அதே தந்திரத்தில் ஏமாந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடுப்பு. பின்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பவர் திரும்பி ஓட வேண்டிய தருணத்தில், அந்தத் திருப்பம் ஒரே அசைவாக வருகிறதா, இல்லை நின்று, நிமிர்ந்து, திரும்பி என மூன்றாக உடைகிறதா? அந்த உடைசலில் ஒரு யார்டு போய்விடும். உயரமான ஆட்டக்காரர்களுக்கு இது கடினம். ஹாமில்டனைப் பற்றி 2022-இல் இருந்த நியாயமான ஐயங்களில் இதுவும் ஒன்று: குள்ளமான, சுறுசுறுப்பான ரிசீவரைத் தனியாகத் துரத்தச் சொன்னால் அவ்வளவு நீளமான உடலால் உடனுக்குடன் திரும்ப முடியுமா?

இன்டர்செப்ஷன் அதிகம் எடுத்தவர்தானே நல்ல சேஃப்டி?

எதிரணியின் வீச்சைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் அழகானது, ஆட்டத்தையே திருப்பிவிடும். ஆனால் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாவிக் குதிக்கும். ஹாமில்டன் 2019-இல் 4, 2020-இல் 1, 2021-இல் 3 என மூன்று பருவங்களில் 8 எடுத்தார். 2020-இல் அவர் மோசமாக ஆடினார் என்று அதற்குப் பொருளில்லை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று பாருங்கள். தட்டிவிட்ட பந்து கையில் வந்து விழுந்ததா? குவார்ட்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு வீசினாரா? இல்லை, இவர் கடந்துவந்த தூரத்தால் கிடைத்ததா? 2021 செப்டம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் அணிக்கு எதிராக ஹாமில்டன் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார். அவற்றில் ஒன்றை ஆல் 22 படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் நின்றவர், வீச்சு கிளம்பும் முன்பே எதிர்ப் பக்கம் ஓடத் தொடங்கி, எல்லைக்கோட்டருகே போய்ப் பந்தைப் பிடித்தார். கார்னர்பேக் காக்க வேண்டிய இடத்தில் பந்து விழும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த மனிதர் அவர். அந்த ஒரு துண்டில் அவருடைய கண், புரிதல், கால் மூன்றும் இருக்கின்றன. எட்டு என்ற எண் எனக்கு அதில் எதையும் சொல்லவில்லை.

கையில் விழுந்த பந்தைத் தவறவிடுபவரையும் பார்க்க வேண்டும். சரியான இடத்துக்கு நான்கு முறை போய் நான்கையும் நழுவவிட்ட இளைஞரை நான் தள்ளிவிட மாட்டேன். கையைப் பயிற்சி சீராக்கலாம். போய்ச் சேரும் அறிவை ஊட்டுவது அரிது.

40 யார்டு ஓட்டம் எவ்வளவு முக்கியம்?

பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸ் நகரில் காம்பைன் எனப்படும் தேர்வு முகாம் நடக்கிறது. அழைக்கப்பட்ட 300-க்கும் மேற்பட்ட இளைஞர்களை அளக்கிறார்கள், ஓடவிடுகிறார்கள், குதிக்கவிடுகிறார்கள், மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். அதில் ஊர் முழுக்கப் பேசுவது 40 யார்டு, அதாவது சுமார் 36.6 மீட்டர் நேர் ஓட்டத்தைத்தான்.

2022-இல் ஹாமில்டன் 4.59 வினாடிகளில் ஓடினார். மார்ச்சில் பல்கலைக்கழக வளாகத்தில் மறுபடி ஓடியபோது 4.7 வினாடியை ஒட்டிய நேரம் என்று செய்திகள் வந்தன. முதல் ஐந்து இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர் இறங்கத் தொடங்கினார். பன்னிரண்டாம் இடத்தை வைத்திருந்த மின்னசோட்டா வைக்கிங்ஸ் அதை டெட்ராய்ட்டிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனது. பதினான்காம் இடத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது.

வைக்கிங்ஸ் அதே சுற்றின் கடைசி இடமான 32-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சேஃப்டி லூயிஸ் சைனை எடுத்தது. அவர் ஓடிய நேரம் 4.37. கடிகாரத்தின்படி பார்த்தால் இருவருக்கும் இடையே பெரிய இடைவெளி. ஹாமில்டன் இரண்டாம் ஆண்டிலேயே நாட்டின் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவரானார். சைனுக்கு முதல் ஆண்டிலேயே லண்டனில் நடந்த ஆட்டத்தில் கால் முறிந்தது. 2024-இல் அணி அவரை விடுவித்தது. அந்தக் காயத்தை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவது அநியாயம். நான் சொல்ல வருவது ஹாமில்டனைப் பற்றி மட்டும்: அவருடைய வேகத்தைக் கடிகாரம் தவறாக அளக்கவில்லை, ஆனால் சேஃப்டி கடக்கும் தூரத்தை அந்தக் கடிகாரம் அளப்பதே இல்லை. அரை வினாடி முன்னதாகக் கிளம்புபவருக்கு அந்த இரண்டு பத்தில் ஒரு பங்கு வினாடி பெரிய கடன் இல்லை.

மெதுவாக ஓடுபவர் எல்லாரும் நன்றாகப் படிப்பவர் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் தனியாக நின்று இரு பக்கமும் காக்க வேண்டிய பொறுப்பைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வேகம் கட்டாயம் வேண்டும். ஓட்ட நேரம் படத்தில் கண்டதை உறுதிசெய்தால் நிம்மதி. முரண்பட்டால் படத்துக்குத் திரும்பிப் போங்கள்.

தாவல்களையும் பார்க்க மறக்காதீர்கள். அதே முகாமில் ஹாமில்டன் நின்ற இடத்திலிருந்து 38 அங்குலம் மேலே எம்பினார். நீளம் தாண்டியது 10 அடி 11 அங்குலம். 220 பவுண்டு எடையுள்ள ஒருவர் காலில் இருக்கும் வெடிப்புக்கு அது சான்று. அதை அந்த வாரம் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சேஃப்டிக்கு ஏற்ற உயரம், எடை என்று ஒன்று உண்டா?

இல்லை. 2010-இல் சியாட்டில் சீஹாக்ஸ் ஒரே டிராஃப்ட்டில் இரண்டு சேஃப்டிகளை எடுத்தது. முதல் சுற்றில் 14-ஆம் இடத்தில் ஏர்ல் தாமஸ், 5 அடி 10 அங்குலம். ஐந்தாம் சுற்றில் 133-ஆம் இடத்தில் கேம் சான்ஸலர், 6 அடி 3 அங்குலம், சுமார் 230 பவுண்டு. ஒருவர் ஆழத்தில் பறவைபோல் சுற்றினார். மற்றவர் முன்னால் நின்று இடித்துத் தள்ளினார். 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வென்று என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையைத் தூக்கிய தடுப்பின் முதுகெலும்பு அந்த ஜோடி.

இன்னும் பக்கத்துக் காலத்தில், 2023 பருவத்தின் முதல்நிலை நட்சத்திர அணியில் இடம்பெற்ற இரு சேஃப்டிகளைப் பாருங்கள். ஹாமில்டன் 6 அடி 4 அங்குலம். ஆன்ட்வான் வின்ஃபீல்ட் ஜூனியர் 5 அடி 9 அங்குலம்.

டேக்கிளில், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதில், எதைக் கவனிப்பது? பலமாக இடிப்பதையா?

இடி கண்ணுக்கு விருந்து. எனக்கு முக்கியம் கோணம். பந்தோடு ஓடிவருபவரைத் திறந்த வெளியில் எதிர்கொள்ளும்போது நல்ல சேஃப்டி நேராக அவரை நோக்கி ஓட மாட்டார். எல்லைக்கோட்டைத் தன் கூட்டாளியாக்கிக்கொள்வார். உள்பக்கத்தை அடைத்து, ஓடுபவரைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, குறு எட்டுகள் வைத்து, பிறகு பிடிப்பார். கபடியில் ரெய்டரை மூலைக்கு ஒதுக்கி மடக்குபவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாய்ந்து இடிப்பவர் ஒரு முறை அரங்கை எழுப்புவார். மறுமுறை தரையைத் தழுவுவார், எதிராளி 60 யார்டு போயிருப்பார்.

தலைக்கவசத்தால் மோதும் பழக்கம் இருக்கிறதா என்பதையும் எழுதிவையுங்கள். கல்லூரி ஆட்டத்தில் தலையைக் குறிவைத்து மோதுபவரை 2013 முதல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றுகிறார்கள். அதில் அடிக்கடி சிக்குபவர்கள் சேஃப்டிகள்தான். அந்த மோதலில் இரண்டு இளைஞர்களின் கழுத்தும் மூளையும் இருக்கின்றன. தலையை நிமிர்த்தித் தோளால் பிடிக்கக் கற்றவரை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

கல்லூரியில் நன்றாக ஆடியவர் தொழில்முறை ஆட்டத்தில் ஏன் தடுமாறுகிறார்?

பல காரணங்கள். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்: மைதானத்தில் போட்டிருக்கும் ஹாஷ் கோடுகள்.

இரண்டு ஆட்டங்களிலும் மைதானத்தின் அகலம் ஒன்றுதான், 160 அடி. ஆனால் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் தொடங்க வேண்டிய எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன; என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து இடது ஹாஷில் வைக்கப்பட்டால் வலப்புறம் 100 அடி திறந்த வெளி, இடப்புறம் 60 அடி. அதனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஒரு சேஃப்டியை எப்போதும் அகன்ற பக்கத்துக்கும் மற்றவரைக் குறுகிய பக்கத்துக்கும் ஒதுக்கிவிடுவார்கள். குறுகிய பக்கத்திலேயே மூன்றாண்டு ஆடியவருக்கு எல்லைக்கோடு எப்போதும் பக்கத்தில் நின்று உதவியிருக்கும். என்எஃப்எல்லில் பந்து பெரும்பாலும் நடுவிலேயே இருக்கிறது. இரு பக்கமும் ஏறக்குறைய சமம். குவார்ட்டர்பேக் எந்தப் பக்கமும் வீசுவார். ஆகவே ஒரு சேஃப்டியின் படத்தைப் பார்க்கும்போது அவர் அகன்ற பக்கம் நின்ற துண்டுகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அங்கே காண்பதே நாளைக்கு நெருக்கமானது.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

காம்பைனில் ஓர் அணிக்கு ஓர் இளைஞரோடு சுமார் இருபது நிமிடம் கிடைக்கும். பலகையில் மார்க்கரைக் கொடுத்து, உன் கல்லூரியின் தடுப்பு அமைப்பை வரை என்பார்கள். பதினொரு பேரின் வேலையையும் வரைபவர் உண்டு. தன் வேலையை மட்டும் வரைபவரும் உண்டு. பிறகு அவர் தவறு செய்த ஆட்டத் துண்டை ஓட்டிக் காட்டி, இங்கே என்ன நடந்தது என்பார்கள். "நான் அந்தப் போலி ஓட்டத்தை நம்பிவிட்டேன்" என்று நேராகச் சொல்பவரின் பேச்சு எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் நின்றவரின் மேல் பழியை இறக்குபவர் நாளை உடைமாற்றும் அறையிலும் அதையே செய்வார்.

சில அணிகள் ஒரு புதிய தடுப்பு அமைப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊர்க்கதை பத்து நிமிடம் பேசிவிட்டு, இப்போது அதைத் திருப்பிச் சொல் என்பார்கள். சேஃப்டிக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. வார இறுதியில் எண்பதாயிரம் பேர் கத்தும்போது அவர் செய்ய வேண்டியது அதுதான்.

காயம் பட்டவரை எடுக்கலாமா?

எந்தக் காயம், ஒரே இடத்தில் திரும்ப வந்ததா, திரும்பி வந்தபின் அவர் ஆட்டம் மாறியதா என்று பார்க்க வேண்டும். ஹாமில்டன் 2021 அக்டோபரில் யூஎஸ்சி அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவத்தின் மீதியை இழந்தார். ஏழே ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். அப்படியும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொகுக்கும் அனைத்து அமெரிக்க அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

வின்ஃபீல்ட் ஜூனியரின் கதை இன்னும் கூர்மையானது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 2017, 2018 இரண்டு பருவங்களும் காயத்தால் பெரும்பாலும் வீணாயின. 2019-இல் முழுமையாக ஆடி 7 இன்டர்செப்ஷன் எடுத்தார். உயரமும் குறைவு, காயக் கணக்கும் நீளம் என்று 45-ஆம் இடம்வரை விட்டார்கள். டாம்பா பே அவரை எடுத்தது; முதல் பருவத்திலேயே சூப்பர் பவுல் வென்றார், இறுதி ஆட்டத்தில் ஓர் இன்டர்செப்ஷனும் எடுத்தார். மருத்துவ அறிக்கையைப் படிக்கும் தகுதி மருத்துவருக்குத்தான் உண்டு. படம் பார்ப்பவர் செய்யக்கூடியது, திரும்பி வந்தபின் வந்த முதல் நான்கு ஆட்டங்களை மற்றவற்றைவிட இருமடங்கு கவனத்தோடு பார்ப்பது.

சேஃப்டிகள் முதல் சுற்றில் ஏன் இவ்வளவு குறைவாகப் போகிறார்கள்?

1991-இல் எரிக் டர்னர் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடத்திலேயே போனார். அதெல்லாம் அபூர்வம். 2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு டிராஃப்ட்டுகளில் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூட எடுக்கப்படவில்லை. அணிகளின் கணக்கு எளிது: குவார்ட்டர்பேக்கை நெருக்குபவருக்கும் கார்னர்பேக்குக்கும் சந்தையில் விலை அதிகம், அவர்களைப் பின்சுற்றில் கண்டுபிடிப்பது கடினம், சேஃப்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். 2016-இல் டென்னஸி டைட்டன்ஸ் மூன்றாம் சுற்றில் 64-ஆம் இடத்தில் எடுத்த கெவின் பயர்டைக் காம்பைனுக்கு அழைக்கவேகூட இல்லை. அடுத்த ஆண்டே 8 இன்டர்செப்ஷனோடு நாட்டின் முன்னணி வரிசையில் நின்றார்.

அந்தக் கணக்கில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பயர்டு பின்னால் கிடைத்தார் என்பது சேஃப்டிகள் மலிவு என்பதற்குச் சான்று அன்று. அவர்களை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்று. 2002-இல் எட் ரீட் 24-ஆம் இடத்தில் பால்டிமோருக்குக் கிடைத்தார். 64 இன்டர்செப்ஷன் எடுத்து, 2019-இல் புகழ் மன்றத்தில் சேர்ந்தார். இருபது ஆண்டு கழித்து அதே அணி ஹாமில்டனை எடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சேஃப்டியின் மதிப்பு என்னவென்று அந்த அலுவலகம் ஒரு தலைமுறையாகக் கண்ணால் கண்டிருந்தது.

எந்த அணிக்குப் போகிறார் என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். ஹாமில்டனை பால்டிமோர் உடனே ஆழத்தில் தனியாக நிறுத்தவில்லை. அந்த ஆண்டுதான் மார்க்கஸ் வில்லியம்ஸ் என்ற தேர்ந்த ஃப்ரீ சேஃப்டியை வாங்கியிருந்தது. ஆகவே ஹாமில்டனை ரிசீவர்களுக்கு அருகே, நடுப்பகுதியில் நிறுத்திப் பழக்கியது. முதல் பருவத்தில் நான்கு ஆட்டங்களில்தான் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். அவருடைய நீளக் கைகள் வீச்சுப் பாதைகளை மறைத்தன. பாயும்போது தடுப்பவருக்கு அவர் பெரிய சுமை. 2023 செப்டம்பரில் இண்டியானாபொலிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார். ஒரு சேஃப்டி செய்தது அது. 2025 ஆகஸ்டில் பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட நான்காண்டு ஒப்பந்தம் கிடைத்தது. அதுவரை எந்த சேஃப்டிக்கும் கிடைத்திராத தொகை.

அந்தத் தடுப்பை அப்போது வடிவமைத்தவர் மைக் மெக்டொனால்ட். 2024-இல் அவர் சியாட்டிலின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 டிராஃப்ட்டில் சியாட்டில் முன்னேறிப் போய் 35-ஆம் இடத்தில் சவுத் கரோலைனாவின் நிக் எமன்வோரியை எடுத்தது: 6 அடி 3 அங்குலம், 220 பவுண்டு, ஓட்டம் 4.38 வினாடி, நின்ற தாவல் 43 அங்குலம். இந்த உடலுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஏற்கெனவே தெரிந்த கண்கள் தேர்ந்தெடுத்தவர் அவர். வேறு ஓர் அணி அவரைப் பதினைந்து யார்டு பின்னால் நிறுத்தி வைத்திருந்தால் பாதி ஆள்தான் கிடைத்திருப்பார்.

ஒரு ஸ்கவுட்டின் அறிக்கை எப்படி இருக்கும்?

சுருக்கமாக, தயங்காமல். ஹாமில்டனைப் பற்றி 2022 ஏப்ரலில் அவருடைய படங்களை வைத்து எழுத வேண்டியிருந்தால் என் குறிப்பு இப்படி இருந்திருக்கும்:

"நீளம் அபாரம். பந்து கிளம்பும் முன்பே கிளம்புகிறார். ஆழத்திலும் நடுவிலும் முன்னாலும் ஆடியிருக்கிறார், எங்கும் அந்நியமாகத் தெரியவில்லை. பிடிக்கப் போகும்போது உடல் நிமிர்ந்திருக்கிறது. குனியக் கற்க வேண்டும். குள்ள ரிசீவரைத் திறந்த வெளியில் தனியாகத் துரத்தவிடாதீர்கள். ஓட்ட நேரம் படத்தோடு ஒத்துப்போகவில்லை. நான் படத்தை நம்புகிறேன். முழங்காலை மருத்துவர் பார்க்கட்டும். தினமும் அவரை நகர்த்திப் பயன்படுத்தும் பயிற்சியாளர் இருந்தால் எடுங்கள்."

குறையை எழுதாத அறிக்கை ரசிகரின் கடிதம். குறையை மட்டும் எழுதிய அறிக்கையால் அணிக்குப் பயனில்லை. "என்ன செய்ய முடியும், எங்கே நிறுத்த வேண்டும்" என்ற இரண்டுக்கும் விடை இருக்க வேண்டும்.

சீனியர் பவுல் பயிற்சிகளைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

சீனியர் பவுல் என்பது டிராஃப்ட்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான காட்சி ஆட்டம். அலபாமாவின் மொபைல் நகரில் அதற்கு நடக்கும் பயிற்சி வாரம் கார்னர்பேக்குகளுக்கும் ரிசீவர்களுக்கும் நல்ல மேடை. ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் அந்தப் பயிற்சிகளில் சேஃப்டியின் முக்கால் பங்கு வேலை இடம்பெறுவதே இல்லை. அங்கே தோற்றவரைத் தள்ளாதீர்கள்.

வீட்டிலிருந்தே இந்தக் கண்ணைப் பழக்க வழியுண்டா?

உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆல் 22 படம் கிடைக்கும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சேஃப்டியைத் தேர்ந்தெடுங்கள். முதல் கால்பகுதி முழுவதும் பந்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒரு வினாடி முன்பு படத்தை நிறுத்துங்கள். அவர் நிற்கும் இடம், அவர் முகம் திரும்பியிருக்கும் திசை இரண்டையும் வைத்து, அடுத்து எங்கே போவார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பத்தில் மூன்று சரியாக வரும். நான்காவது ஆட்டத்தில் ஆறு வரலாம். அப்போது இன்னொன்றும் தெரியவரும்: சில சேஃப்டிகளை உங்களால் கணிக்கவே முடியாது. ஓரிடத்தில் நின்றுகொண்டு, ஸ்னாப் ஆனதும் முற்றிலும் வேறிடத்துக்குப் போவார்கள். உங்களை ஏமாற்றிய அவர் எதிரணிக் குவார்ட்டர்பேக்கையும் ஏமாற்றியிருக்கிறாரா என்று அதே துண்டில் அந்தக் குவார்ட்டர்பேக்கின் கையைப் பாருங்கள். கை ஒருகணம் நின்றிருந்தால், அந்த இளைஞரின் பெயரை எழுதிக்கொண்டு அவருடைய அடுத்த ஆட்டத்தைத் தேடுங்கள்.